மைக்கேல் காலின்ஸும் ஐரிஷ் உடன்படிக்கையும்

யுத்தத்தால் பெயர் பெற்ற வீரர் பலர். சமாதானப் பேச்சால் பெயர் பெற்ற ராஜதந்திரிகளும் பலர். இரண்டு காரியங்களையும் செய்து, இரண்டாவதற்காக உயிரையே விலையாகக் கொடுத்தவர் ஐர்லாந்தின் மைக்கேல் காலின்ஸ். பிரிட்டிஷ் சர்க்காரை இரண்டரை வருஷ காலம் உறங்கவிடாமல் செய்த அவ்வீரர், 1921-ம் வருஷம் டிஸம்பர் மாதம் லண்டன் நகரில் அதே சர்க்காரின் மந்திரிகளோடு ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். எட்டரை மாதங்களுக்குப் பின்னர், தாம் பிறந்த ஜில்லாவிலேயே, தம் நாட்டினர் சுட்ட குண்டுக்கு இரையானார். அப்பொழுது அவருக்கு வயது 31. அவர் செய்தது துரோகமா, விவேகமா என்னும் வழக்கு நூறு வருஷங்களுக்கு மேலாகியும் ஐர்லாந்தில் முற்றும் தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கில் தீர்ப்புக் கூற முற்படுவோர், அவர் முன் வைக்கப்பட்டது என்ன, அவர் பெற்றது என்ன, பெறாமல் விட்டது என்ன என்பவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். தேச காரியங்களில் ஈடுபட்டுள்ள நம் வாசகர்கட்கு அவ்வாராய்ச்சி பெரிதும் பயன்படும் என்பது நம் நம்பிக்கை.

குமாஸ்தா புரட்சிக்காரரானது

காலின்ஸ் 1890-ம் வருஷம் அக்டோபர் மாதம் 16-ந் தேதி, ஐர்லாந்தின் தெற்கே கார்க் ஜில்லாவில், கிளானகில்ட்டி என்னும் ஊருக்கு அருகே ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளுள் அவரே கடைசி. தந்தையார் முதுமையில் பெற்ற பிள்ளையாதலின், ஆறாவது வயதிலேயே தகப்பனை இழந்தார். பதினைந்தாவது வயதில், அதாவது 1906-ல், தபால் இலாகாவின் சேமிப்பு பாங்கியில் உத்தியோகம் பெற்று லண்டன் சென்றார். அங்கே தம் தமக்கையாரோடு வசித்துக்கொண்டு ஏறக்குறைய பத்து வருஷ காலம் குமாஸ்தா வேலை பார்த்தார். முதலில் தபால் பாங்கி. பின்னர் பங்குத் தரகர் கம்பெனி. அதன் பின்னர் ஓர் அமெரிக்க பாங்கியின் லண்டன் கிளை. பகலில் ஆங்கிலேயரின் கணக்குகளை எழுதிய அவ்விளைஞர், மாலையில் ஐரிஷ் பாஷைச் சங்கத்திலும் ஐரிஷ் விளையாட்டுக் கழகத்திலும் தேசபக்திப் பாடம் கற்றார். 1909-ல் ஐரிஷ் குடியரசுச் சகோதர சங்கம் என்னும் ரகசிய ஸ்தாபனத்தில் சேர்ந்தார்.

1916-ம் வருஷம் ஈஸ்டர் பண்டிகையின்போது டப்ளினில் எழுந்த புரட்சியில் காலின்ஸ் கலந்துகொண்டார். தபால் குமாஸ்தாவாகத் தொழில் தொடங்கியவர் டப்ளின் தலைமைத் தபால் நிலையத்திற்குள் நின்று போரிட்டது விதியின் விநோதமே. ஒரு வாரத்தில் புரட்சி அடக்கப்பட்டது. தலைவர்களைப் பிரிட்டிஷார் வரிசையாகச் சுட்டுக் கொன்றனர். காலின்ஸ் வேல்ஸ் நாட்டிலுள்ள பிராங்கோக் முகாமில் அடைக்கப்பட்டு, அவ்வருஷக் கடைசியில் விடுதலையானார். கட்டிடங்களைக் கைப்பற்றிக்கொண்டு, பீரங்கி வரும் வரையில் காத்திருந்து மடிவது வீரமாயினும் யுத்த தந்திரமாகாது என்னும் பாடத்தை அவர் அத்தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டார்.

1918-ம் வருஷம் டிஸம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் ஐர்லாந்துக்குரிய 105 ஸ்தானங்களுள் 73 ஸ்தானங்களை ஸின் பீன் கக்ஷி கைப்பற்றியது. வென்றவர்கள் வெஸ்ட்மினிஸ்டர் பார்லிமெண்டுக்குச் செல்ல மறுத்து, 1919-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி டப்ளினில் தங்கள் தேசிய சபையாகிய டாயிலைக் கூட்டினர். அச்சபை ஏற்படுத்திய மந்திரி சபையில் காலின்ஸ் பொக்கிஷ மந்திரியானார். பிரிட்டிஷ் சர்க்கார் சட்ட விரோதமென்று தடுத்த தேசியக் கடனுக்கு 250,000 பவுன் கேட்டு, அதற்கு மேலாகவே திரட்டிக் கணக்கும் ஒழுங்காக வைத்தார். அதே சமயத்தில் விடுதலைப் படையின் வேவு இலாகாவுக்கும் அவரே தலைவர். போலீஸ் இலாகாவுக்குள்ளேயே தமக்கு வேண்டியவர்களை வைத்திருந்தார். அவர் முகம் எதிரிகளுக்குத் தெரியாது. ஆதலால் சைக்கிளில் டப்ளின் வீதிகளில் தாராளமாகச் சென்று வந்தார்.

அவருடைய முறைகள் மென்மையானவை என்று நாம் சொல்லவில்லை. 1920-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில், பிரிட்டிஷ் வேவுகாரர் எனக் கருதப்பட்ட பலரை அவருடைய ஆட்கள் அவர்கள் தங்கியிருந்த அறைகளிலேயே சுட்டுக் கொன்றனர். அன்று மாலை குரோக் பார்க் மைதானத்தில் விளையாட்டுப் பார்க்கக் கூடியிருந்த ஜனங்கள் மீது போலீஸார் சுட்டதில் 14 பேர் மாண்டனர். இரு பக்கத்து ரத்தமும் ஒரே நாளில் சிந்திய அந்த ஞாயிறு, ஐரிஷ் சரித்திரத்தில் ரத்த ஞாயிறு என்றே வழங்குகிறது.

போர்நிறுத்தமும் அழைப்பும்

1921-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி போர்நிறுத்தம் ஏற்பட்டது. அதற்குள் பிரிட்டிஷார் ஒரு காரியத்தை முடித்து வைத்திருந்தனர். 1920-ம் வருஷத்துச் சட்டத்தின்படி வடக்கே ஆறு ஜில்லாக்களைத் தனியே பிரித்து, பெல்பாஸ்ட் நகரில் ஒரு பார்லிமெண்டை ஏற்படுத்தி, போர்நிறுத்தத்திற்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஜூன் 22-ந் தேதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கொண்டே அதைத் திறந்துவைத்தனர். பேச்சு வார்த்தை தொடங்கு முன்பே பிரிவினை நடைமுறைக்கு வந்துவிட்டது. இதை வாசகர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஐரிஷ் குடியரசின் தலைவர் டி வலெரா ஜூலை மாதத்தில் லண்டன் சென்று பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜை நேரில் சந்தித்துப் பேசினார். கானடாவைப்போன்ற டொமினியன் அந்தஸ்தைப் பல நிபந்தனைகளோடு தர லாயிட் ஜார்ஜ் முன்வந்தார். டாயில் அதை மறுத்தது. மீண்டும் கடிதங்கள் நடந்து, அக்டோபர் 11-ந் தேதி மகாநாடு கூடுவதென முடிவாயிற்று. ஆனால் இம்முறை டி வலெரா செல்லவில்லை. தலைவர் தலைநகரில் இருந்து கடைசி முடிவைத் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம். மந்திரி சபையில் வோட்டுகள் சரிசமமாகப் பிரிந்து, தலைவருடைய வோட்டினாலேயே அவ்வாதம் வென்றது.

காலின்ஸுக்குச் செல்ல விருப்பமே இல்லை. ராஜதந்திரப் பேச்சு தம் தொழில் அன்று என்றும், முகம் தெரியாத மனிதராக இருப்பதே தம் பலம் என்றும் அவர் கருதினார். லண்டனில் புகைப்படக்காரர் முன் நின்ற பின்னர், யுத்தம் மறுபடியும் மூண்டால் அப்பலம் திரும்பாது. ஆயினும் கட்டளைக்கு உட்பட்டார். ஆர்தர் கிரிபித் தலைமையில், காலின்ஸ், ராபர்ட் பார்ட்டன், ஈமன் டக்கன், காவன் டப்பி ஆகிய ஐவரும் பிரதிநிதிகளாயினர். எர்ஸ்கின் சில்டர்ஸ் காரியதரிசியாகச் சென்றார்.

சட்டத்தில் பழகிய நாம் இவ்விடத்தில் சிறிது நிற்க வேண்டியவர்களாயிருக்கிறோம். ஐவருக்கும் கொடுக்கப்பட்ட அதிகாரப் பத்திரம், பேசி முடித்துக் கையெழுத்திடும் பூரண அதிகாரத்தை அளித்தது. அதே சமயத்தில் மந்திரி சபை தனியாக அளித்த உத்தரவு, முக்கிய விஷயங்களில் முடிவு செய்யு முன்னர் டப்ளினுக்குத் தெரிவித்துப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்றும், கையெழுத்திடப்போகும் உடன்படிக்கையின் முழு வாசகத்தையும் முன்னதாக அனுப்ப வேண்டும் என்றும் கூறியது. ஒரு பத்திரம் கையைத் திறந்துவிட்டது. மற்றொன்று அதே கையைக் கட்டியது. முக்கியஸ்தர் வீட்டில் இருந்துகொண்டு, ஏஜெண்டுக்கு இருவகை உத்தரவு கொடுத்து அனுப்பினால் என்ன நேரும் என்பதை எந்த ஜில்லாக் கோர்ட்டு வக்கீலும் அறிவார். பிற்பாடு நடந்த விபரீதங்களின் விதை அன்றே விதைக்கப்பட்டது.

டௌனிங் வீதியில்

மேஜைக்கு எதிர்ப்புறத்தில் உட்கார்ந்தவர்கள் சாமானியர் அல்லர். லாயிட் ஜார்ஜ், பர்க்கன்ஹெட் பிரபு, ஆஸ்டன் சேம்பர்லேன், வின்ஸ்டன் சர்ச்சில் முதலிய மந்திரிகள் பல வருஷங்கள் ஆட்சி பீடத்தில் இருந்து பழகியவர்கள். லாயிட் ஜார்ஜுக்கும் காலின்ஸுக்கும் வயதில் 27 வருஷ வித்தியாசம். ஐரிஷ் பிரதிநிதிகளுள்ளேயோ ஒற்றுமை இல்லை. அக்டோபர் 24-ந் தேதிக்குப் பின்னர் முழு மகாநாடு கூடுவது நின்று, கிரிபித்தும் காலின்ஸும் மட்டும் பிரிட்டிஷ் தலைவர்களைச் சந்திப்பது வழக்கமாயிற்று. மற்ற மூவரும் சில்டர்ஸும் தாங்கள் ஒதுக்கப்பட்டதாக வருந்தினர். டப்ளினில் இருந்தவர்களுக்கோ சந்தேகம் வளர்ந்தது.

விவாதம் மூன்று விஷயங்களைச் சுற்றி நடந்தது. முதலாவது, சுதந்திர ஐர்லாந்தின் அரசாங்கத்தில் ஆங்கில மன்னருக்கு என்ன ஸ்தானம்? ஐர்லாந்து குடியரசாக இருந்துகொண்டு, வெளி விஷயங்களில் மட்டும் பிரிட்டிஷ் கூட்டத்தோடு சேர்ந்து நிற்கலாம் என்பது டி வலெரா வகுத்த வெளித்தொடர்புத் திட்டம். பிரிட்டிஷார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மறுத்தனர். இரண்டாவது, கடற்படைக்குத் துறைமுகங்கள். மூன்றாவது, அல்ஸ்டர்.

பேச்சு முறிவதானால் அல்ஸ்டர் விஷயத்தில் முறிய வேண்டும் என்பது ஐரிஷ்காரரின் யுக்தி. ஒரு தேசத்தைக் கூறு போடுவதற்காகப் பிரிட்டன் யுத்தம் தொடுத்தது என்றால் உலகம் ஐர்லாந்தின் பக்கம் நிற்கும். ஒரு பிரமாணத்தின் சொற்களுக்காக யுத்தம் என்றால் நிற்காது. லாயிட் ஜார்ஜ் இந்த யுக்தியை நன்கறிந்தார். ஆகவே, வடக்கு ஐக்கியத்துக்கு இணங்காவிடில் ஓர் எல்லைக் கமிஷன் அமைத்து எல்லையைத் திருத்தலாம் என்னும் யோசனையை நவம்பர் மத்தியில் கிரிபித்திடம் தனியே காட்டி, அதற்குக் குறுக்கே நிற்பதில்லை என்னும் சம்மதத்தைப் பெற்று வைத்துக்கொண்டார். கிரிபித் அதை அற்ப விஷயமாக எண்ணினார். மற்றவர்களுக்கு அதன் கனம் தெரியாமலே போயிற்று.

டிஸம்பர் 3-ந் தேதி பிரதிநிதிகள் டப்ளினில் மந்திரி சபையின் முன் வந்து பேசினர். தெளிந்த முடிவின்றியே அன்றிரவு லண்டனுக்குத் திரும்பினர். 5-ந் தேதி மாலை டௌனிங் வீதியில் கிரிபித், காலின்ஸ், பார்ட்டன் மூவரும் பிரிட்டிஷ் மந்திரிகளின் எதிரே அமர்ந்தனர். கிரிபித் அல்ஸ்டர் விஷயத்தில் முறிக்க முயன்றபோது, லாயிட் ஜார்ஜ் நவம்பர் மாதத்துச் சம்மதத்தை எடுத்துக் காட்டி அவர் வாயை அடைத்தார். பின்னர் இரண்டு கடிதங்களைக் காட்டி, ஒன்று சமாதானத்தை அறிவிப்பது, மற்றொன்று முறிவை அறிவிப்பது, இவற்றுள் ஒன்று அன்றிரவே பெல்பாஸ்டுக்குச் செல்ல வேண்டும் என்றும், முறிவானால் மூன்று நாட்களில் யுத்தம் என்றும் கூறினார். கிரிபித் தாம் கையெழுத்திடுவதாக ஒப்புக்கொண்டார். ஒருவர் கையெழுத்து போதாது, எல்லாரும் இட வேண்டும் என்றார் பிரதம மந்திரி.

ஜாகைக்குத் திரும்பும் வழியில் காலின்ஸ் தம் முடிவைச் சொன்னார், கையெழுத்திடுவதென்று. உடனிருந்தவர்கள் திகைத்தனர். படையின் ஆயுத பலம் எவ்வளவு குறைவு, போர்நிறுத்தத்தினால் ரகசியங்கள் எவ்வளவு வெளியாகிவிட்டன என்பவற்றை அவரைப்போல் அறிந்தவர் இல்லை. பார்ட்டனும் டப்பியும் நெடுநேரம் தயங்கிப் பின்னர் இசைந்தனர். டப்ளினுக்குத் தொலைபேசி வசதி இருந்தது. ஒருவரும் அதைக் கையில் எடுக்கவில்லை. 6-ந் தேதி விடியற்காலம் இரண்டு மணிக்கு மேல் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதே நாளில் காலின்ஸ் எழுதிய ஒரு கடிதத்தில், அக்கையெழுத்து தம் மரணத்துக்கே கையெழுத்தாக முடியும் என்னும் கருத்தைத் தெரிவித்தார்.

உடன்படிக்கையில் இருந்தது என்ன?

ஷரத்துகள் பதினெட்டு. ஐர்லாந்து ஐரிஷ் சுதந்திர நாடு என்னும் பெயரோடு டொமினியன் ஆகும். மன்னருக்குப் பிரதிநிதியாகக் கவர்னர்-ஜெனரல் ஒருவர் இருப்பார். பார்லிமெண்டு அங்கத்தினர் முதலில் நாட்டின் அரசியல் அமைப்புக்கும், அதன் பின்னர் மன்னருக்கும் விசுவாசம் கூறிப் பிரமாணம் செய்ய வேண்டும். சில துறைமுகங்கள் பிரிட்டிஷ் கடற்படையின் வசம் இருக்கும். வடக்கு ஐர்லாந்து ஒரு மாத காலத்துக்குள் விலகிக்கொள்ளலாம். விலகினால் எல்லைக் கமிஷன் அமைக்கப்படும்.

குடியரசுக்காக உயிர் நீத்தவர்களை நினைத்தவர்களுக்கு இது எவ்வளவு கசந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது ஷரத்தைச் சட்டக் கண்ணோடு பார்த்தவர் காலின்ஸ். பிரிட்டனுக்கும் ஐர்லாந்துக்கும் உள்ள உறவு, கானடாவுக்குச் சட்டத்திலும் வழக்கத்திலும் உள்ள உறவை ஒத்திருக்கும் என்று அது விதித்தது. கானடா அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் உள்ள நாடு. அதன் உள் விஷயத்தில் லண்டன் தலையிடுவது நடக்காத காரியம். கானடா உயர உயர ஐர்லாந்தும் தானே உயரும். இந்த அந்தஸ்து ஒரு முடிவன்று, ஏறிச் செல்லும் படி என்பதே காலின்ஸ் தம் நாட்டாரிடம் வாதித்த சாரம். பிரிட்டிஷ் சேனை நாட்டைவிட்டு வெளியேறுவதும், வரியும் போலீஸும் பள்ளிக்கூடமும் ஐரிஷ்காரர் கைக்கு வருவதுமே முக்கியம், மற்றவை தாமே வந்து சேரும் என்று அவர் நம்பினார்.

டாயிலில் விவாதம் டிஸம்பர் 14-ந் தேதி தொடங்கி, ஜனவரி 7-ந் தேதி முடிந்தது. உடன்படிக்கைக்கு ஆதரவாக 64 வோட்டு, எதிராக 57. பெண் அங்கத்தினர் அறுவரும் எதிராகவே வோட்டளித்தனர். அவர்களுட் சிலர் விடுதலைப் போரில் மகனையோ கணவனையோ சகோதரனையோ பறிகொடுத்தவர்கள். டி வலெரா ராஜிநாமாச் செய்தார், கிரிபித் தலைவரானார்.

இவ்விவாதத்தைப் பற்றி ஒன்று கூறுதல் அவசியம். நாட்கணக்காக நடந்த அப்பேச்சுகளில் மன்னரின் பிரமாணமே பெரும் பகுதியைக் கவர்ந்துகொண்டது. தேசம் இரண்டாகப் பிளவுபடுவதைப் பற்றிப் பேசப்பட்டது மிகக் கொஞ்சம். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் எல்லைக் கமிஷன் வந்தால் வடக்கில் பெரும் பகுதி கழன்றுவிடும், எஞ்சியது தனித்து வாழாது என்று எண்ணினர். காலின்ஸும் அவ்வாறே எண்ணினார்.

அதிகாரம் கை மாறியது

1922-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி தற்காலிக சர்க்கார் அமைந்தது. காலின்ஸ் அதன் தலைவர். 16-ந் தேதி, பல நூற்றாண்டுகளாக ஆங்கில ஆட்சியின் கோட்டையாக விளங்கிய டப்ளின் காஸிலை, ராஜப் பிரதிநிதி பிட்ஸாலன் பிரபு அவரிடம் ஒப்படைத்தார். பிரிட்டிஷ் வேவுகாரர் பல வருஷம் தேடியும் அகப்படாத மனிதர் அந்தக் கோட்டையின் வாயிலில் மந்திரியாக வந்து இறங்கினார். அந்நாளில் ஐர்லாந்தில் இரண்டு அரசாங்கங்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. டாயிலின் மந்திரி சபைக்குக் கிரிபித் தலைவர். லண்டன் அங்கீகரித்த தற்காலிக சர்க்காருக்குக் காலின்ஸ் தலைவர். காலின்ஸ் முன்னதில் பொக்கிஷ மந்திரியாகவும் நீடித்தார்.

கோட்டை கைக்கு வந்தாலும், அதனுள்ளிருந்து எத்தகைய அரசாங்கம் நடத்துவது என்பது இன்னும் எழுதப்படவில்லை. உடன்படிக்கையை மீறாமலும், குடியரசுவாதிகள் ஏற்கும் வண்ணமும் அரசியல் அமைப்புச் சட்டம் எழுதிவிட்டால் உள்நாட்டுச் சண்டையைத் தவிர்க்கலாம் என்பது காலின்ஸின் எண்ணம். சுருக்கமாக எழுதும்படியும், மன்னரைக் கூடியவரையில் ஏட்டுக்கு வெளியே விட்டுவிடும்படியும் சட்டக் குழுவுக்கு யோசனை கூறினார். அதே நோக்கத்தோடு மே மாதம் 20-ந் தேதி டி வலெராவுடன் ஒரு தேர்தல் ஒப்பந்தமும் செய்துகொண்டார். இரு சாராரும் சேர்ந்து அபேக்ஷகர்களை நிறுத்திச் சேர்ந்தே மந்திரி சபை அமைப்பது என்பது அதன் கருத்து.

மே மாதக் கடைசியில் சட்டத்தின் நகல் லண்டனுக்குச் சென்றது. பிரிட்டிஷ் மந்திரிகள் அதைப் படித்துச் சீறினர். பிரமாணம் இல்லை, மன்னர் பெயரளவுக்கே இருந்தார், இது முகமூடி இட்ட குடியரசு என்றே அவர்கள் கருதினர். மீண்டும் லண்டன், மீண்டும் மேஜை, மீண்டும் முறிவு என்னும் மிரட்டல். கிரிபித்தும், ஐரிஷ் சட்ட அதிகாரி ஹ்யூ கென்னடியும் வரிக்கு வரி வாதாடினர். பிரமாணமும் கவர்னர்-ஜெனரலும் சட்டத்துக்குள் வந்து புகுந்தனர். திருத்திய சட்டம் ஜூன் 16-ந் தேதி, வோட்டுப் பதிவு நாள் காலையிலேதான் பத்திரிகைகளில் வெளியாயிற்று. ஜனங்கள் அதைப் படித்து ஆராய்ந்து வோட்டளிக்க அவகாசம் ஏது?

ஆயினும் அச்சட்டத்தை வெறும் தோல்வியென்று தள்ள நாம் தயாரில்லை. சர்க்காரின் சகல அதிகாரங்களும் ஐர்லாந்தின் ஜனங்களிடமிருந்தே பிறக்கின்றன என்னும் விதி அதில் நிலைத்தது. மந்திரிகள் டாயிலுக்குப் பொறுப்பாளிகள் என்பது நிலைத்தது. 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் சரிசமமாக வோட்டுரிமை நிலைத்தது. பிரிட்டனில் பெண்கள் இந்தச் சமத்துவத்தை அடைந்தது 1928-ல்தான். மன்னரின் சின்னங்கள் மேலே ஒட்டப்பட்டிருந்தன. அஸ்திவாரம் ஜனங்களுடையதாக இருந்தது.

சகோதரர் யுத்தம்

128 ஸ்தானங்களுக்கு நடந்த அத்தேர்தலில் உடன்படிக்கையை ஆதரித்த ஸின் பீனர் 58 பேரும், எதிர்த்தவர் 36 பேரும் வந்தனர். தொழிற் கக்ஷியார், விவசாயிகள், சுயேச்சைகள் ஆகிய எஞ்சியவர்களும் பெரும்பாலும் உடன்படிக்கையை ஏற்றவர்கள். ஜனங்களின் மனம் எப்பக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எதிர்த்த படையினரில் ஒரு பகுதியார் ஏப்ரல் மாதமே டப்ளினில் போர் கோர்ட்ஸ் என்னும் நீதிமன்றக் கட்டிடத்தைக் கைப்பற்றி உட்கார்ந்திருந்தனர். ஜூன் 28-ந் தேதி விடியற்காலையில், பிரிட்டிஷாரிடம் இரவல் வாங்கிய பீரங்கிகளைக் கொண்டு காலின்ஸின் சேனை அக்கட்டிடத்தைத் தாக்கியது. ஆறு வருஷங்களுக்கு முன்பு தபால் நிலையத்துக்குள் பிரிட்டிஷ் பீரங்கியின் கீழ் நின்றவர், இப்பொழுது தம் பழைய தோழர்கள் மீது பிரிட்டிஷ் பீரங்கியைத் திருப்ப நேர்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட சர்க்கார் ஆயுதம் தாங்கிய சிறுபான்மைக்கு வணங்குவது கூடாது என்பது நியாயமே. எனினும் அந்த இரவல் பீரங்கியின் முழக்கம் ஐர்லாந்தின் செவியில் இரண்டு தலைமுறை வரையில் ஒலித்துக்கொண்டிருந்தது.

வடக்கு விஷயத்தில் காலின்ஸ் நேர்வழி மட்டும் நடந்தார் என்றும் சொல்வதற்கில்லை. பெல்பாஸ்டில் சிறுபான்மையாரான கத்தோலிக்கர் தாக்கப்பட்டபொழுது, வடக்கின் பிரதமர் கிரெய்குடன் இருமுறை ஒப்பந்தம் செய்தார். மறைவில் வடக்கிலிருந்த படையினருக்கு ஆயுதமும் அனுப்பினார். பிரிவினை அவர் மனத்தை எவ்வளவு உறுத்தியது என்பதற்கு இதுவே சான்று.

ஆகஸ்டு 12-ந் தேதி கிரிபித், 51-வது வயதில், திடீரென்று மரணமடைந்தார். பத்து நாள் கழித்து, 22-ந் தேதி மாலை, படைத் தலைவராகத் தம் சொந்தக் கார்க் ஜில்லாவைச் சுற்றி வந்த காலின்ஸ், பேல் ந பிளா என்னும் இடத்தில் மறைந்திருந்தவர்களின் குண்டுபட்டு விழுந்தார். சமாதானத்துக்கு வழி தேடியே அவர் அப்பக்கம் சென்றார் என்று கூறுவோரும் உண்டு. ஒரு கட்டிடத்தோடு தொடங்கிய சண்டை 1923-ம் வருஷம் வரையில் நீண்டது. காரியதரிசியாக லண்டன் சென்ற சில்டர்ஸ் உள்பட 70-க்கும் மேற்பட்ட கைதிகளை, சுதந்திர ஐர்லாந்தின் சர்க்காரே சுட்டுக் கொன்றது.

காலம் அளித்த தீர்ப்பு

உடன்படிக்கை படியாகும் என்று காலின்ஸ் சொன்னது பலித்ததா? பலித்தது. கானடா முதலிய டொமினியன்கள் உயர்ந்தன. 1931-ம் வருஷத்து வெஸ்ட்மினிஸ்டர் சட்டம் அவற்றின் பார்லிமெண்டுகளை லண்டனின் பிடியிலிருந்து விடுவித்தது. 1932-ல் பதவிக்கு வந்த டி வலெரா, தாம் எதிர்த்த அதே உடன்படிக்கை அளித்த அதிகாரங்களைக் கொண்டே 1933-ல் பிரமாணத்தை ஒழித்தார். 1937-ல் புதிய அரசியல் அமைப்பை இயற்றினார். 1938-ல் துறைமுகங்களைத் திரும்பப் பெற்றார். 1935-ல் லண்டன் பிரிவி கௌன்ஸிலே, வெஸ்ட்மினிஸ்டர் சட்டத்துக்குப் பின்னர் உடன்படிக்கையைத் தள்ளிவிட ஐரிஷ் பார்லிமெண்டுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. 1949-ம் வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி ஐர்லாந்து முழுக் குடியரசாயிற்று. எந்தப் பிரமாணத்துக்காகச் சகோதரர் ஒருவரையொருவர் கொன்றனரோ, அந்தப் பிரமாணம் பதினொரு வருஷங்கூட உயிரோடிருக்கவில்லை.

எல்லையோ? பன்னிரண்டாவது ஷரத்து எல்லையை ஜனங்களின் விருப்பப்படி திருத்துவதாகக் கூறிற்று. அதே மூச்சில் பொருளாதார நிலைமைக்கும் பூகோள நிலைமைக்கும் பொருந்திய அளவில் மட்டும் என்றும் சேர்த்தது. விருப்பத்தை எப்படி அறிவது? வோட்டெடுப்பா? எவ்வளவு பிரதேசம் வரையில்? விருப்பமும் பொருளாதாரமும் மோதினால் எது மேல்? ஒன்றும் எழுதப்படவில்லை. ஒரு கிராமத்து நிலக் கிரயப் பத்திரத்தில்கூட நான்கு எல்லைகளை எழுதாமல் விடுவதில்லை. ஒரு தேசத்தின் எல்லையை இவ்வாறு விட்டார்கள். தலைவராக வந்த தென் ஆப்பிரிக்க நீதிபதி பீதம், அற்ப திருத்தத்துக்கே இடமுண்டு என்று வியாக்கியானம் செய்தார். 1925-ம் வருஷம் நவம்பரில் ஒரு லண்டன் பத்திரிகை விஷயத்தை வெளியிட்டதும் கமிஷன் கலகலத்தது. டிஸம்பர் 3-ந் தேதி, இருந்த எல்லையே இருக்கட்டும் என்று மூன்று சர்க்கார்களும் ஒப்புக்கொண்டன. தேசியவாதிகள் பெரும்பான்மையாயிருந்த டைரோன், பெர்மானா ஜில்லாக்களும் அப்பக்கமே நின்றுவிட்டன. 1960-களின் இறுதியிலிருந்து 1998-ம் வருஷத்து உடன்பாடு வரையில் வடக்கு ஐர்லாந்துக் கலகத்தில் சுமார் 3,500 உயிர்கள் மாண்டன. எல்லை இன்றும் இருக்கிறது.

நம் நாடும் 1947-ல் டொமினியன் என்னும் படியில் கால் வைத்தே 1950-ல் குடியரசாயிற்று. நம் நாட்டிலும் ஓர் எல்லைக் கமிஷன் வந்தது. அங்கத்தினர் பிரிந்து நிற்க, தலைவர் ராட்கிளிப் ஒருவரே சுமார் ஐந்து வாரத்தில் கோடு கிழித்துச் சென்றார். ஆகவே ஐர்லாந்தின் கதையை நாம் தூர தேசத்துக் கதையாகப் படிப்பதற்கில்லை.

காலின்ஸ் துரோகி அல்லர் என்பது நம் முடிவு. தம் படையின் பலத்தையும் எதிரியின் பலத்தையும் எடை போட்டு, கிடைத்ததை வாங்கிக்கொண்டு மேலே ஏற அவர் துணிந்தார். அவ்வழி சரியென்று அவருடைய எதிரியே பிற்காலத்தில் தம் செய்கையால் நிரூபித்தார். பிழை வேறிடத்தில் இருந்தது. தலைவர் வீட்டில் தங்கினார்; பிரதிநிதிகள் முரண்பட்ட உத்தரவோடு சென்றனர்; சின்னங்களைப் பற்றி இரவு பகலாகச் சண்டையிட்டனர்; தேசத்தின் உடலை அளக்கும் ஷரத்தை அரைகுறையாக விட்டனர். அப்பிழையில் டி வலெராவுக்கும் பங்குண்டு, கிரிபித்துக்கும் பங்குண்டு, காலின்ஸுக்கும் பங்குண்டு. அரசியல் ஒப்பந்தம் எதுவாயினும், அதில் எந்தச் சொல் நம் மானத்தைப் புண்படுத்துகிறது என்று பார்ப்பதோடு, எந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் பிறர் கையில் போகிறது என்றும் பார்க்க வேண்டும். டப்ளின் கிளாஸ்நெவின் மயானத்தில் உள்ள காலின்ஸின் சமாதிக்கு இன்றும் ஜனங்கள் மலர் கொண்டு செல்கின்றனர். அவ்விளைஞரின் வீரத்தைப் போற்றுவோர், அவர் கையெழுத்திட்ட பத்திரத்தின் பன்னிரண்டாவது ஷரத்தையும் ஒருமுறை படித்துப் பார்ப்பாராக.